பக்கவாதத் தோளுக்கு வந்த பயிற்சிகள்

பக்கவாதத்தில் கை தளர்ந்துபோனால், அதன் கனமே தோள்மூட்டைக் கீழே இழுக்கும். எலும்பின் தலை குழியைவிட்டு மெல்ல இறங்கும், வலி பின்தொடரும். முன்பெல்லாம் சிகிச்சை பெரும்பாலும் நல்ல கையைப் பழக்குவதோடு நின்றது.

நாஜி ஜெர்மனியை விட்டு லண்டனில் குடியேறிய உடற்பயிற்சி ஆசிரியை பெர்த்தா போபாத், 1940களில் சைமன் எல்வெஸ் என்ற ஓவியருக்குப் பயிற்சி அளித்தார். பக்கவாதத்தால் இறுகியிருந்த அவர் கை, சில நிலைகளிலும் அசைவுகளிலும் இளகுவதைக் கவனித்தார். அதிலிருந்தே போபாத் முறை பிறந்தது. மருத்துவரான கணவர் காரெல் அதற்கு நரம்பியல் விளக்கம் தந்தார். அமெரிக்காவில் சிக்னே புருன்ஸ்ட்ரோம் ஏறத்தாழ எதிர்த்திசையில் போனார்: பல தசைகள் சேர்ந்து தாமாக இயங்கும், போபாத் அடக்க நினைத்த கூட்டசைவுகளையே அவர் தொடக்கநிலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினார். பக்கவாதச் சிகிச்சை பற்றிய இருவரின் நூல்களும் 1970இல் வெளியானது வியப்பான பொருத்தம்.

கப்பியில் கயிறு மாட்டி, நல்ல கையால் இழுத்து நோயுற்ற கையைத் தலைக்குமேல் உயர்த்தும் பயிற்சியும் இருந்தது. நல்லெண்ணத்தில் செய்யப்பட்ட தவறு அது. 1990இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், கப்பி இழுத்தவர்களில் 62 விழுக்காட்டினருக்குத் தோள்வலி வந்தது. சிகிச்சையாளரே கையை அசைத்துவிட்டவர்களில் 8 விழுக்காட்டினருக்கு மட்டுமே. பக்கவாதத் தோளுக்குக் கப்பிப் பயிற்சி வேண்டாம் என்றே இன்றைய சிகிச்சை வழிகாட்டிகள் கூறுகின்றன.