பக்கத்து வீட்டு வரி

கலிபோர்னியாவின் 13-ஆம் முன்மொழிவு, 1978 ஜூன் 6 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 65 சதவீத ஆதரவோடு நிறைவேறி, மாநில அரசமைப்புச் சட்டத்தில் இடம்பிடித்தது. எழுபதுகளில் அங்கே வீட்டு விலை கிடுகிடுவென ஏறியது. கூடவே சொத்து வரியும் ஏறியது. ஓய்வூதியத்தை நம்பி வாழ்ந்த முதியவர்கள், வரி கட்ட முடியாமல் சொந்த வீட்டையே விற்க நேருமோ என்று கலங்கினார்கள். ஹோவர்ட் ஜார்விஸ், பால் கேன் இருவரும் அந்தக் கலக்கத்தை இயக்கமாகத் திரட்டினார்கள். கலக்கம் நியாயமானதுதான். ஆனால் அதற்குக் கண்ட தீர்வின் சுமை, பின்னால் வந்து வீடு வாங்கியவர்கள் தலையில் விழுந்தது.

அந்த முன்மொழிவின்படி பொதுச் சொத்து வரி, சொத்தின் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய உரிமையாளருக்கு 1975-76 மதிப்பே அடிப்படை. அது ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயராது. வீடு கைமாறினால் அன்றைய சந்தை விலைக்கு மறுமதிப்பீடு நடக்கும்.

இதன் விளைவு நார்ட்லிங்கர் வழக்கில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதுவரை வாடகைக் குடியிருப்பில் இருந்த நார்ட்லிங்கர் என்ற பெண், 1988-இல் லாஸ் ஏஞ்சலஸின் பால்ட்வின் ஹில்ஸ் பகுதியில் 1,70,000 டாலருக்கு ஓர் எளிய வீடு வாங்கினார். ஆண்டு வரி 1,701 டாலர். அதே பகுதியில் அதே மாதிரி வீட்டை 1975-இல் வாங்கியவர் கட்டியதோ சுமார் 358 டாலர்தான். மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் பெறுமானமுள்ள மாளிகையின் பழைய உரிமையாளருக்கு வந்த வரிகூட நார்ட்லிங்கரின் வரியைவிடச் சில டாலர்களே அதிகம். புதிதாக வாங்குபவர் வரி எவ்வளவு என்று தெரிந்தேதான் வாங்குகிறார் என்பதை ஒரு காரணமாகக் காட்டி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-இல் 8-க்கு 1 என்ற கணக்கில் இந்த முறையை ஏற்றது. நீதிபதி ஸ்டீவன்ஸ் ஒருவரே மறுத்தார்.

இடம் மாறினால் பழைய சலுகை போய்விடும் என்பதால் பலர் வீட்டை விற்கவே தயங்கினார்கள். சந்தைக்கு வரும் வீடுகள் குறைந்தன. சொத்து வரி வருமானம் பாதிக்கும் மேல் சரிந்த உள்ளாட்சிகள், புதுக் கட்டடங்கள்மீது கட்டணங்களை ஏற்றின. 1982-இன் மெல்லோ-ரூஸ் சட்டம், புதுக் குடியிருப்புகளின் சாலைக்கும் பள்ளிக்கும் அங்கே குடியேறுபவர்களிடமே தனி வரி வாங்க வழிசெய்தது. விற்பனை வரி தரும் கடைகளுக்கு நிலம் ஒதுக்குவதே நகரங்களுக்கு ஆதாயமாகவும் பட்டது.

1986-இன் 58-ஆம் முன்மொழிவு, பெற்றோரின் குறைந்த வரியைப் பிள்ளைகளுக்கும் கைமாற்றியது. ஒரே வயது இளைஞர்கள் இருவரில், வீட்டை மரபுரிமையாகப் பெற்றவர் ஒரு வரியும், சம்பளத்தில் சேமித்து வாங்கியவர் பல மடங்கும் கட்டினார்கள். 2020-இல் நிறைவேறிய 19-ஆம் முன்மொழிவு, பிள்ளை அந்த வீட்டிலேயே குடியிருந்தால்தான் சலுகை என்று இதைச் சுருக்கியது. முதல் வீடு வாங்குபவருக்கு 1978-இல் எழுதிய விதியே இன்றும் பொருந்துகிறது.