தக்காளித் தோட்டத்தில் விழுந்தவை

ஸ்பெயின் தேசத்தின் தென்கிழக்குக் கரையோரத்தில் பாலோமாரெஸ் என்று ஒரு கிராமம். மழை குறைந்த பூமி. தக்காளி பயிரிட்டுப் பிழைக்கிற ஜனங்கள். சரித்திரத்தில் இடம் பிடிக்கவேண்டும் என்ற ஆசை அந்த ஊருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. 1966-ஆம் வருஷம் ஜனவரி 17-ஆம் தேதி காலையில் சரித்திரம் தானாகவே அதன் தலைமேல் வந்து விழுந்தது.

அப்போது அமெரிக்காவுக்கு ஒரு பயம். தன் குண்டு விமானங்கள் தரையில் நிற்கும் வேளையில் ருஷ்யா திடீரென்று தாக்கிவிட்டால், பதிலுக்குத் தாக்க என்ன மிஞ்சும்? ஆகவே, ஹைட்ரஜன் குண்டுகளைச் சுமந்துகொண்டு சில விமானங்கள் இரவு பகலாக ஆகாயத்திலேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். 'குரோம் டோம்' என்று அதற்குப் பெயர். அட்லாண்டிக்கைத் தாண்டி மத்தியதரைக் கடல் வரை வந்து திரும்ப எண்ணெய் போதாது. நடுவழியில் இன்னொரு விமானம் பக்கத்தில் வந்து, பறந்தபடியே குழாய் நீட்டி எண்ணெய் வார்க்கும். ஸ்பெயினுக்கு மேலே, சுமார் 31,000 அடி உயரத்தில் இந்த உபசாரம் நடந்துவந்தது. கீழே பாத்தி கட்டிக்கொண்டிருந்தவனிடம் அதைச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்று இரண்டு விமானங்களும் மோதிக்கொண்டன. பதினொரு பேரில் ஏழு பேர் மாண்டார்கள். எரிகிற துண்டுகள் ஊரைச் சுற்றிச் சிதறியும் கிராமத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. நாவலில் இப்படி எழுதினால் வாசகர்கள் என்னை நம்பமாட்டார்கள்.

குண்டுகள் நான்கு. ஒன்று பாராசூட்டின் தயவால் ஏறக்குறைய முழுசாக இறங்கியது. இரண்டு, தரையில் மோதி வெடித்தன. வெடித்தது அணு அல்ல. உள்ளே இருந்த சாதாரண வெடிமருந்து. அணுக்குண்டு வெடிக்கவேண்டுமானால், புளூட்டோனியத்தைச் சுற்றியுள்ள மருந்து எல்லாப் பக்கத்திலும் ஒரே கணத்தில் பற்றி அதை நெரிக்கவேண்டும். ஒரு மூலையில் மட்டும் பற்றினால் காரியம் ஆகாதபடி அமைத்திருந்தார்கள். அந்த அமைப்பு அன்று கைகொடுத்தது. இல்லாவிட்டால் ஆண்டலூசியாவின் ஒரு பகுதியைப் படத்திலிருந்து அழிக்கவேண்டியிருக்கும். ஆனால் புளூட்டோனியம் பொடியாகி வயல்களின்மேல் படிந்தது. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. மூச்சோடு போனால் நுரையீரலில் குடியிருக்கும். அதன் வீரியம் பாதியாகக் குறையவே 24,000 வருஷம் ஆகும்.

அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து செடிகளைப் பிடுங்கினார்கள். மேல்மண்ணைச் சுரண்டிப் பீப்பாய்களில் அடைத்து, சுமார் 1,400 டன்னைக் கப்பலேற்றித் தென் கரோலினாவுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அமெரிக்க ஸ்தானிகரும் ஸ்பெயின் மந்திரி பிராகாவும் மார்ச் மாதக் குளிரில் கடலில் இறங்கி நீந்திப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்சி கொடுத்தார்கள். கடலால் ஆபத்தில்லை என்று நிரூபிக்கவாம்! ஆபத்து இருந்ததோ மண்ணில். அதில் புரள யாரும் முன்வரவில்லை.

நான்காவது குண்டு கடலுக்குள் போய்விட்டது. பெரிய கப்பல் கூட்டமே வந்து தேடிற்று. பிரான்சிஸ்கோ சிமோ என்ற செம்படவர், பாராசூட்டில் ஏதோ ஒன்று இறங்கி மூழ்கியதைத் தாம் கண்ட இடத்தைச் சொன்னார். கரையை அடையாளம் வைத்துக் கடலில் இடம் குறிப்பது அவர் தொழில். நிபுணர்கள் அவர் பேச்சை உடனே முழுதும் ஏற்றுவிடவில்லை. கடைசியில் 'ஆல்வின்' என்ற சின்னஞ்சிறு நீர்மூழ்கி அவர் காட்டிய பக்கத்தில்தான் அதைக் கண்டுபிடித்தது. மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து மறுபடியும் தொலைந்து, மறுபடியும் கிடைத்து, ஏப்ரல் 7-ஆம் தேதி, விழுந்த எண்பதாம் நாள் கப்பலேறியது. செம்படவர் கடல் சட்டப்படி தமக்கு வெகுமதி கேட்டார். நியாயந்தானே!

இவ்வளவுக்குப் பிறகும் விமானங்கள் நிற்கவில்லை. 1968 ஜனவரி 21-ஆம் தேதி கிரீன்லாந்தில், தூலே தளத்தின் அருகே, மறுபடியும் நான்கு குண்டுகளோடு ஒரு பி-52 பனிக்கட்டியின்மேல் விழுந்து எரிந்தது. அதன் பிறகுதான் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். இரண்டு தடவையும் எதிரி ஒரு தோட்டாகூடச் சுடவில்லை.

பாலோமாரெஸில் எஞ்சிய மண்ணைச் சுத்தம் செய்வது பற்றி இரு சர்க்கார்களும் 2015-ல் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டன. ஊரோரத்து நிலம் சிலது கம்பி வேலிக்குள் அடைபட்டுக் கிடந்தது. முழுசாகக் கிடைத்த இரண்டு குண்டுகளின் உறைகளை நியூ மெக்ஸிகோவில், ஆல்புகெர்க்கி நகரத்துப் பொருட்காட்சி சாலையில் பார்வைக்கு வைத்தார்கள்.