எல்லாருக்குமா?

2017 மார்ச் மாதம். திருநாவலூரில் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தும் சட்டத்திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. சந்தோஷத்தில் சத்தமாகவே படித்தேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அத்தை கையை நிறுத்தாமல் கேட்டார்: "எல்லாருக்குமா?"

"ஆமா அத்தை, வேலைக்குப் போற எல்லாப் பொம்பளைங்களுக்கும்."

"அப்ப எங்களுக்கும் உண்டா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பன்னிரண்டு வயதில் நாற்று பறிக்க இறங்கியவர் அத்தை. நடவு, களை, கரும்பு வெட்டு என்று அறுபதைத் தாண்டியும் ஓயாதவர். நாலாவது பிள்ளைக்கு நடவு வயலிலேயே வலி கண்டது. பதினாறாம் நாள் தீட்டுக் கழித்தார்கள். மறுநாள் களையெடுக்கப் போய்விட்டார். அவரை 'வேலைக்குப் போகாதவர்' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் நான் படித்த சட்டம் அதைத்தான் சொல்லியிருந்தது.

"இல்லை அத்தை, இது ஆபீசு, கம்பெனி..." என்று இழுத்தேன்.

"சட்டம்னா எல்லாருக்கும் பொதுதானே? நீ படிச்சவ, நீயே சொல்லு."

உள்ளேயிருந்து அத்தை மகன் குரல் கொடுத்தார். "பொதுன்னா எப்பிடிம்மா? ரெண்டு ஏக்கர் வச்சிருக்கிறவன் நடவாளுக்கு ஆறு மாசம் சம்பளம் குடுத்தா, அவன் பொழைக்கிறதா சாவுறதா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். இருவருக்கும் அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பிறகுதான் இந்தச் சட்டத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

*

கதை 1919இல் தொடங்குகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு வாஷிங்டனில் கூடியது. பிரசவத்துக்கு முன் ஆறு வாரம் விடுப்பு எடுக்கும் உரிமை, பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் கட்டாய ஓய்வு, அந்தக் காலத்துக்கு உதவித்தொகை என்று ஓர் உடன்படிக்கை அங்கே உருவானது. அதில் இரண்டு செய்திகளை நாம் கவனிக்க வேண்டும். ஒன்று, உதவித்தொகையைப் பொது நிதியிலிருந்தோ காப்பீட்டு ஏற்பாட்டின் வழியாகவோ தர வேண்டும் என்று அது சொன்னது. தனி முதலாளியின் பையிலிருந்து என்று சொல்லவில்லை. இன்னொன்று, அது தொழிற்சாலை, வணிக நிறுவனப் பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. வயல் அதில் இல்லை.

இரண்டே ஆண்டில், 1921இல், அதே அமைப்பு விவசாயக் கூலிப் பெண்களுக்கும் இதே பாதுகாப்பைத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. வயல் வேலை செய்யும் பெண்ணின் உடம்பும் உடம்புதான் என்று உலகம் ஒப்புக்கொண்டு நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. நமக்குத் தெரியாததால் விட்டுப்போன விஷயம் அல்ல இது.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா விவாதத்துக்கு வந்தது. ஆலை முதலாளிகளின் தரப்பு எதிர்த்தது. அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டின் நலன் சார்ந்தது என்பதும், ஆகவே அந்தச் சுமையின் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்பதும் அவர் வாதம். குறைந்த கூலிக்குப் பெண்களை வைத்து லாபம் பார்க்கிற முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்றும் சொன்னார். 1929இல் பம்பாய்ச் சட்டம் வந்தது. 1931இல் தொழிலாளர் நிலை குறித்த அரச ஆணையம் நாடெங்கும் இத்தகைய சட்டம் வேண்டும் என்றது. 1934இன் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கு வந்தது. 1941இல் சுரங்கப் பெண்களுக்கு ஒரு சட்டம்.

இவை போராடிப் பெற்றவை. குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அம்பேத்கர் சொன்னதில் பாதிதான் சட்டமானது. முதலாளியின் பொறுப்பு ஏட்டில் ஏறியது. அரசின் பொறுப்பு ஏறவில்லை. முதலாளி மட்டுமே தர வேண்டும் என்றால், நிலையான முதலாளி இருக்கிற இடத்தில்தான் சட்டம் செல்லும். இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் கொல்லை என்று போகிற பெண்ணுக்கு யார் முதலாளி? என் அத்தை மகன் கேட்ட கேள்வி இந்த விடுபட்ட பாதியிலிருந்து பிறந்தது. 1919இலேயே அதற்கு விடை எழுதியிருந்தார்கள்: பொது நிதி.

*

சுதந்திர இந்தியாவின் மகப்பேறு நலச் சட்டம் 1961இல் வந்தது. அது யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் பிரிவைப் படித்தால் ஒரு வேலி கண்ணுக்குத் தெரியும். தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம். தோட்டம் என்றால் தேயிலை, காப்பி, ரப்பர் போன்றவை. 1973இல் குதிரையேற்றமும் உடல்வித்தையும் காட்டும் நிறுவனங்களைச் சேர்த்தார்கள். அந்தரத்தில் தொங்கும் சர்க்கஸ் பெண்ணின் வயிற்றிலும் பிள்ளை வளரும் என்று சட்டத்துக்குப் புரிந்தது நல்லதுதான். 1988இல் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் வந்தன. ஒன்பது பேர் வேலை செய்யும் ஜவுளிக்கடைப் பெண் வேலிக்கு வெளியே. நெல் வயலும் கரும்புக் கொல்லையும் எந்தத் திருத்தத்திலும் வரவில்லை. 2020இல் பழைய சட்டங்களைச் சேர்த்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இயற்றியபோதும் வேலியை ஏறக்குறைய அதே இடத்தில்தான் நட்டார்கள்.

எங்கள் மாவட்டத்தை வைத்துச் சொல்கிறேன். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. ஆலை வாசலுக்குள் மகப்பேறுச் சட்டம் உண்டு. அந்த ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் கொல்லையில் இல்லை. ஒரே கரும்பு, வண்டியேறி ஆலைக்குள் போகும்போது சட்டத்துக்குள்ளும் போகிறது. வெட்டிய பெண் வெளியே நிற்கிறாள்.

2000ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. டெல்லி மாநகராட்சியில் சாலை வேலை செய்த தினக்கூலிப் பெண்கள், நிரந்தரப் பணியில் இல்லை என்பதால் மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்றது நீதிமன்றம். ஆனால் அவர்களின் பெயர் ஒரு மஸ்டர் ரோலிலாவது இருந்தது. வயலில் அதுவும் கிடையாது. கங்காணியின் சட்டைப்பையில் இருக்கிற துண்டுக் காகிதம்தான் பதிவேடு. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் அட்டை இருந்தது, பெயர் இருந்தது, வருகைப் பதிவு இருந்தது. மகப்பேறு விடுப்பு மட்டும் இல்லை.

*

இங்கே என் கதையையும் சொல்ல வேண்டும். முதல் குழந்தையைச் சுமந்தபோது நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். ஏழாம் மாதம் அலுவலகத்தில் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். சொந்தக் காரணங்களுக்காக வேலையை விடுவதாக அதில் தட்டச்சு செய்திருந்தது. "அடுத்த வருஷம் வாங்க, பார்க்கலாம்" என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு நானும் வேலிக்கு வெளியேதான் நின்றேன்.

இரண்டாவது குழந்தையின்போது அரசுக் கல்லூரிக்கு வந்துவிட்டேன். ஆறு மாதம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு. தமிழ்நாட்டு அரசுப் பணிப் பெண்களுக்கு அது 2016இல் ஒன்பது மாதமாகவும் 2021இல் ஓர் ஆண்டாகவும் உயர்ந்தது. அந்த விடுப்பில் என் பிள்ளையைக் குளிப்பாட்டவும் எனக்குப் பத்தியம் சமைக்கவும் ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் தூளி கட்டி அதைப் போட்டிருப்பாள். என் பிள்ளை அழுதால் ஓடுவாள். அவள் பிள்ளை அழுதால் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடுவாள். அந்தப் பார்வையின் பொருள் அன்று எனக்கு உறைக்கவில்லை. என் ஓய்வு அவளுடைய ஓய்வின்மை மேல் படுத்திருந்தது. வேலிக்கு உள்ளே வந்ததும் வேலியை மறந்துவிட்டேன். திண்ணையில் "எல்லாப் பொம்பளைங்களுக்கும்" என்று அத்தனை எளிதாகச் சொன்னது அதனால்தான்.

சட்டம் வெளியே விட்டவர்களையும் சட்டம் பாதிக்கிறது. ஓய்வு சம்பளக்காரிக்கு உரிமை என்று எழுதப்பட்டபின், கூலிக்காரி எடுக்கும் ஓய்வு சோம்பலாகத் தெரிகிறது. "பதினாறு நாள் படுத்தது போதாதா?" என்று கேட்பவருக்கு எதிராகக் காட்ட அவளிடம் ஒரு தாளும் இல்லை.

*

பொது நிதியிலிருந்து எதுவும் வரவில்லையா என்றால், வந்தது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், வேறு வகையில் பலன் பெறாத ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்றது. முதல் முறையாக ஒரு சட்டத்தில் ஏறக்குறைய 'எல்லாரும்' இருந்தார்கள். ஆனால் 2017இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசுத் திட்டம் முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் என்று சுருக்கியது. பிறகு, இரண்டாவது பெண் குழந்தை என்றால் 6,000 ரூபாய் என்று சேர்த்தார்கள்.

தமிழ்நாடு இதில் முன்னோடி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் அமைந்த மகப்பேறு நிதியுதவி 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் என உயர்ந்தது. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே வந்த நலவாரியங்களிலும் பதிந்தவர்களுக்கு மகப்பேறு உதவி உண்டு. முதலாளி யாரென்று தெரியாத பெண்ணுக்கும் பணம் போய்ச்சேர வழி இருக்கிறது என்பதற்கு இவையே சான்று. நிபந்தனைகளில்தான் வேலி திரும்ப முளைக்கிறது: பத்தொன்பது வயது நிரம்பியிருக்க வேண்டும், இரண்டு பிரசவம் வரைதான், பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்து பிக்மி எண் வாங்க வேண்டும். சிறுவயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவள், மூன்றாவதாகச் சுமப்பவள், பிழைப்புக்கு ஊர்விட்டு ஊர் போனவள் என்று, யாருக்கு அதிகம் தேவையோ அவளே விடுபடுகிறாள்.

கல்வராயன் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்த மலை அது. அங்கே ஒரு பெண் பிரசவத்துக்குச் சில நாள் முன்பே சுகாதார நிலையத்துக்கு வந்து காத்திருந்தால் தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள். மலைப்பகுதிகளில் அதற்கென்றே காத்திருப்பு அறைகளும் திறந்தார்கள். அப்படிக் காத்திருக்கிற நாட்களின் கூலியை யார் தருவது? அறை இருந்தும் பெண் வராமல்போனால், அவள் அறியாமை என்று எழுதுகிறோம். அவள் போட்ட கணக்கை எழுதுவதில்லை.

2025 மே மாதம், தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, அது மூன்றாவது குழந்தை என்பதற்காக விடுப்பு மறுக்கப்பட்ட வழக்கில், மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையின் பகுதி என்றது உச்ச நீதிமன்றம். உரிமை என்றால் அது வேலை தருகிறவரின் கருணையையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சார்ந்திருக்க முடியாது. அந்தச் சொல்லை ஆசிரியையோடு நிறுத்தாமல் வயல்வரை கொண்டுபோக வேண்டியது நம் வேலை. ஒவ்வொரு பிரசவத்துக்கும், நிபந்தனையின்றி, சில மாதக் கூலிக்கு ஈடான தொகை பொது நிதியிலிருந்து வர வேண்டும். ரெண்டு ஏக்கர்காரரும் பிழைப்பார், நடவாளும் படுத்து எழுவாள்.

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அவரைப் பெற்றதற்காகவே இசைஞானியார் அறுபத்துமூவரில் ஒருவராக வைக்கப்பட்டார். பெரியபுராணத்தில் அவருக்கு ஒதுக்கிய இடம் ஒரே ஒரு பாட்டு. தாய்மையைக் கும்பிட நமக்கு எப்போதும் ஒரு பாட்டு இருந்திருக்கிறது. தாய்க்குப் படுக்க ஒரு மாதம் இருந்ததில்லை.

இப்போதெல்லாம் வகுப்பில் மாணவிகளிடம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த ஒரு பிரிவைக் கொடுத்து, உங்கள் அம்மா இதில் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன். அறை அமைதியாகிவிடும். விரல்கள் வரி வரியாக நகரும். யாராவது ஒருத்தி தலைநிமிர்ந்து, "மேடம், எங்க அம்மா இதுல இல்லையே" என்பாள். என் அத்தை கேட்ட கேள்வியை அப்போது பலகையில் எழுதிப்போடுவேன். பாடம் அதிலிருந்து தொடங்கும்.