ஆலை ஓடுகிறது, போர்டு மட்டும் கடையில் இல்லை: பழைய கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கு உதிரிபாகம் தேடுவது எப்படி?

நீங்கள் பெர்மாஸ் ஜெயா, மாசாய் பக்கம் இருப்பவர் என்றால், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பாசிர் கூடாங் ஆலைகளில் வேலை செய்பவர் ஒருவராவது இருப்பார். செம்பனை எண்ணெய் சுத்திகரிப்பு, ரசாயனம், எஃகு, துறைமுகம் என்று அங்கே பல துறைகள் உண்டு.

அங்கே பம்பு, வால்வு, கன்வேயர் எல்லாவற்றுக்கும் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்வது ஓர் இரும்பு அலமாரிக்குள் இருக்கும் சில சர்க்யூட் போர்டுகள்தான். இயந்திரம் முப்பது ஆண்டு உழைக்கும். போர்டைச் செய்த நிறுவனமோ அதற்கு முன்பே தயாரிப்பை நிறுத்திவிடும்.

அப்படி ஒரு போர்டு நள்ளிரவில் செத்துப்போனால் என்ன செய்வது? உண்மையைச் சொன்னால், நள்ளிரவில் அதற்கு நல்ல பதில் கிடையாது. போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தேடத் தொடங்கியவர்களுக்குத்தான் பதில் இருக்கும்.

எந்தப் போர்டைப் பற்றிப் பேசுகிறோம்?

பெரும்பாலும் பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி. மின்சாரம் தரும் ஒரு பகுதி, நிரலை ஓட்டும் சி.பி.யு., சென்சார்களிடமிருந்து தகவல் வாங்கும் கார்டுகள், மோட்டாருக்கும் வால்வுக்கும் கட்டளை அனுப்பும் கார்டுகள் எல்லாம் ஒரே சட்டத்தில் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். 1960களின் கடைசியில் அமெரிக்கக் கார் ஆலைகளில் ரிலே பலகைகளுக்குப் பதிலாக வந்த மோடிகான் 084தான் இந்த வகையின் முன்னோடி.

இதுதவிர, சாதாரணக் கணினி போலவே இருக்கும் தொழில்துறைக் கணினிகளும் உண்டு. இன்றைய கணினிகளில் இல்லாத ஐ.எஸ்.ஏ. வகைச் செருகு இடம் அவற்றில் பலவற்றுக்குத் தேவை.

ஏன் தயாரிப்பை நிறுத்துகிறார்கள்?

போர்டின் ஆயுளை முடிவு செய்வது அதன் மேல் இருக்கும் சில்லுகள். 1985இல் வந்த இன்டெல் 386, வீட்டுக் கணினிகளிலிருந்து மறைந்த பிறகும் இயந்திரங்களுக்காகவே 2007 வரை தயாரிக்கப்பட்டது. அதன் பிறகு நின்றுவிட்டது. 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததும், பழைய சில்லு வகைகள் பல கைவிடப்பட்டன.

சில்லு நின்றால் போர்டும் நிற்கும். 1980களில் வந்த ஆலன்-பிராட்லி பி.எல்.சி.-5 குடும்பத்தின் விற்பனை 2017இல் முடிந்தது. உலகம் முழுவதும் ஆலைகளில் பரவலாக இருக்கும் சீமென்ஸ் எஸ்7-300 குடும்பத்துக்கு 2023 அக்டோபரில் விடைகொடுக்கும் கட்டம் தொடங்கியது. உதிரிபாகம் 2033 வரை கிடைக்கும் என்பது நிறுவனத்தின் அறிவிப்பு. கேட்க நீண்ட காலம் மாதிரி தெரியும். ஆனால் ஆலைக் கணக்கில் அது இரண்டு, மூன்று பெரிய ஷட்டவுன் இடைவெளிதான்.

இது பெரிய நிறுவனங்களுக்கும் வருமா?

வரும். அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா, விண்வெளி ஓடத்தின் பூஸ்டர்களைச் சோதிக்கும் தரைக் கருவிகளுக்காகப் பழைய இன்டெல் 8086 சில்லுகளை இணையச் சந்தைகளில் தேடி வாங்கியது 2002இல் செய்தியானது.

கட்டுப்பாடு நின்றால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டிலேயே பார்த்தோம். 2022 நவம்பரில் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடத்தின் தானியங்கி ரயில் கட்டுப்பாட்டு முறையில் கோளாறு ஏற்பட்டு, 16 நிலையங்களில் சில நாள்கள் சேவை நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானோர் வேறு வழி தேடினார்கள்.

சரி, எங்கே தேடுவது?

முதலில் தயாரிப்பாளரின் உள்ளூர் முகவர். போர்டின் முழு எண்ணைக் கொடுத்து, அது விற்பனையில் இருக்கிறதா, கடைசி ஆர்டர் தேதி எது, பழுதுபார்த்துத் தருவார்களா, பழையதைக் கொடுத்துச் சரிசெய்ததை வாங்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள். விற்பனை முடிந்த பிறகும் பழுதுபார்ப்பு சில ஆண்டுகள் தொடர்வது உண்டு.

இரண்டாவது, உங்கள் நிறுவனத்தின் மற்ற ஆலைகள். எங்கோ ஒரு லைனைப் புதுப்பித்தால் அங்கிருந்து கழற்றிய போர்டுகள் கிடைக்கும். அவை எங்கே ஓடின, எப்படி ஓடின என்று சொல்ல ஆள் இருப்பார். செகண்ட் ஹேண்ட் பொருளில் இதைவிட நம்பகமானது இல்லை.

மூன்றாவது, போர்டையே சரிசெய்வது. பல நேரம் செத்தது முழுப் போர்டு அல்ல, அதிலுள்ள ஒரு கபாசிட்டரோ ரிலேயோதான். அந்தச் சிறு பாகங்களுக்குக் கோலாலம்பூர் பூடுவின் ஜாலான் பாசார், சிங்கப்பூரின் சிம் லிம் டவர், சென்னையின் ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்கள் பலருக்குத் தெரியும். நிறுத்தப்பட்ட சில்லுகளை, முதலில் செய்த நிறுவனத்தின் அனுமதியோடு இருப்பு வைத்தும் மீண்டும் தயாரித்தும் விற்கும் ரோச்செஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்களும் உண்டு.

கடைசியாகத்தான் இணையச் சந்தையும் யாரென்று தெரியாத தரகர்களும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பயப்படக் காரணம் இருக்கிறது. அமெரிக்க செனட்டின் ஆயுதப் படைக் குழு 2012இல் வெளியிட்ட அறிக்கை, ராணுவ விநியோகத்தில் மட்டும் போலி மின்னணுப் பாகங்கள் என்று சந்தேகிக்கப்பட்ட சுமார் 1,800 சம்பவங்களைக் கண்டறிந்தது. அவற்றில் பாகங்களின் எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் மேல்.

குப்பையில் போன போர்டிலிருந்து சில்லைச் சூடாக்கிக் கழற்றி, மேல் எழுத்தைத் தேய்த்து அழித்து, புது எண்ணை அச்சடிப்பது பழக்கமான தந்திரம். அதனால் மேற்பரப்பில் கீறல் கோடுகள், மங்கிய குழிகள், மறுபடி ஈயம் பூசிய கால்கள் இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

சில்லின் மேல் இருக்கும் தேதிக் குறியீடும் உதவும். 9634 என்று இருந்தால் 1996ஆம் ஆண்டின் 34ஆவது வாரம். தயாரிப்பு நின்ற பிறகான தேதி இருந்து, அனுமதி பெற்ற மறுதயாரிப்புக்கான ஆவணம் இல்லையென்றால், விலகிவிடுங்கள்.

முழுப் போர்டு வாங்குகிறீர்களா? மாடல் எண் மட்டும் போதாது. கடைசியில் வரும் ஓர் எழுத்தோ பதிப்பு எண்ணோ மாறினால்கூட உங்கள் நிரல் ஓடாமல் போகலாம். அந்தப் போர்டின் படத்தையே கேளுங்கள், இணையத்தில் எடுத்த படத்தை அல்ல. சோதித்த விவரமும் உத்தரவாதமும் எழுத்தில் இருக்கட்டும். வந்ததும் அலமாரியில் வைத்துவிடாமல், சோதனை மேசையில் சுமை கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

கொதிகலன், எரிவாயு பர்னர், அவசர நிறுத்தம் போன்ற பாதுகாப்பு வேலையில் இருக்கும் போர்டுக்கு வரலாறு தெரியாத பொருளை மாட்டவே கூடாது. அங்கே ஆபத்தில் இருப்பது உற்பத்தி மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் ஆளும்தான்.

போர்டு கிடைத்தால் போதுமா?

போதாது. நிரல் இல்லாத போர்டு வெறும் பலகை. பழைய பி.எல்.சி.கள் பலவற்றில் நிரல் ஒரு சின்னப் பேட்டரியின் தயவில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்து மின்சாரமும் போனால் நிரல் அழிந்துவிடும். பல மாடல்களில் மின்சாரம் இருக்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும்; அணைத்துவிட்டு மாற்றினால் எல்லாம் போச்சு. மாற்றும் முன் கையேட்டைப் பாருங்கள்.

எனவே முதல் வேலை, நிரலை நகலெடுத்து இரண்டு இடங்களில் வைப்பது. அதற்கான மென்பொருள் டாஸிலோ விண்டோஸ் எக்ஸ்பியிலோதான் ஓடும் என்றால், சீரியல் போர்ட் உள்ள பழைய மடிக்கணினியும் கேபிளும்கூட உங்கள் உதிரிபாகப் பட்டியலில் சேரும். கடவுச்சொல் ஓய்வுபெறப்போகும் சீனியர் ஒருவரின் தலையில் மட்டும் இருந்தால், இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.

வெப்பத்தையும் கவனியுங்கள். எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. நம் ஊர்ச் சூட்டில், கட்டுப்பாட்டு அலமாரியின் மின்விசிறியையும் வடிகட்டியையும் சுத்தமாக வைப்பதே மலிவான வைத்தியம். உதிரிப் போர்டுகளை ஈரமில்லாத இடத்தில், நிலைமின் தடுப்பு உறையில் வையுங்கள்.

எத்தனை நாள் இப்படி ஓட்டுவது?

இப்படிக் காலாவதியாகும் பாகங்களை நிர்வகிப்பதற்கென்றே ஐ.இ.சி. 62402 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதன் சாரம் நடைமுறையில் ஒரு பட்டியல்தான்: எந்தப் போர்டு, எத்தனை, விற்பனையில் இருக்கிறதா, உதிரி உண்டா, நின்றால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு நட்டம். நட்டம் அதிகமாகவும் உதிரி இல்லாமலும் இருக்கும் வரிசையை முதலில் புதுப்பியுங்கள். அங்கிருந்து கழற்றும் நல்ல போர்டுகள் மற்ற லைன்களுக்கு உதிரியாகும்.

உபயோகமற்றுப்போன போர்டை வெறும் குப்பையாக வீசக்கூடாது. மலேசியாவில் மின்னணுக் கழிவு, எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியீட்டில் அட்டவணைக் கழிவு. உரிமம் பெற்றவரிடமே போக வேண்டும். 2019இல் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவால் பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டதை இங்குள்ள யாரும் மறக்கவில்லை. எல்லை தாண்டும் மின்னணுக் கழிவுக்கு, 2025 ஜனவரி முதல் பாசல் ஒப்பந்தப்படி இறக்குமதி நாட்டின் முன் அனுமதி வேண்டும். எனவே வெளிநாட்டிலிருந்து பழைய போர்டு மொத்தமாக வாங்கினால், அது ஓடும் பொருள் என்பதற்கான சோதனைச் சான்று கையில் இருக்கட்டும்.

அடுத்த முறை வேலைக்குப் போகும்போது அந்த அலமாரியைத் திறக்க அனுமதி உள்ளவரோடு சேர்ந்து, ஒவ்வொரு போர்டின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி கடைசியாக மாற்றிய தேதியையும் எழுதுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.