விசையில் ஒரு நூறு கிராம்

2008 ஆகஸ்ட் 17, பெய்ஜிங் ஒலிம்பிக். ஆண்களுக்கான 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிள் போட்டியில் ஒரே ஒரு தோட்டாதான் பாக்கி. அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் 3 புள்ளிகளுக்கு மேல் முன்னிலையில் இருந்தார். 6.7 எடுத்தாலே தங்கம். சாதாரணமாகவே பத்துக்கு மேல் சுடுகிறவருக்கு இது ஒரு விஷயமா?

அவர் எடுத்தது 4.4. சீனாவின் சியூ ஜியானுக்குத் தங்கம், எம்மன்ஸுக்கு நான்காம் இடம்!

குறி தவறவில்லை, குறி பார்த்து முடிப்பதற்குள் துப்பாக்கி வெடித்துவிட்டது. குறிக்கு மேலிருந்து துப்பாக்கியை மெல்ல இறக்கிக்கொண்டு வருவது அவர் வழக்கம். அப்படி இறக்கும்போதே விரல் விசையில் பட்டுவிட்டது.

விசையை எவ்வளவு பலத்தோடு இழுத்தால் துப்பாக்கி வெடிக்கும் என்பதுதான் 'டிரிகர் எடை'. ராணுவத் துப்பாக்கியில் இது 2 கிலோ, அதற்கு மேலும் இருக்கும். ஓடி விழுந்து எழும் சிப்பாயின் கையில் அது தானாக வெடிக்கக் கூடாதல்லவா? போட்டிக்காரர்களின் கவலை வேறு. ஜெர்மன் பேசும் நாடுகளின் பழைய துப்பாக்கிகளில் 'ஸ்டெக்கர்' என்ற இரட்டை விசை உண்டு. ஒன்றை இழுத்துத் தயார் செய்துவிட்டால், இன்னொன்றைத் தொட்டாலே போதும்.

இன்றைய சர்வதேச விதிகளிலும் இந்த இரண்டு கவலைகளும் இருக்கின்றன. 300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைஃபிளுக்குக் குறைந்தது 1500 கிராம், 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம் வேண்டும். ஆனால் ஏர் ரைஃபிளுக்கும், எம்மன்ஸ் சுட்ட 50 மீட்டர் ரைஃபிளுக்கும் எந்த வரம்பும் இல்லை. அதனால் பலர் நூறு கிராம் அளவிலேயே வைத்துக்கொள்கிறார்கள். (இரண்டு கோழிமுட்டையின் எடை!)

ஏன் இவ்வளவு குறைவாக? ஒரு சின்னக் கணக்கு. 50 மீட்டர் இலக்கில் பத்து என்ற வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டர் நீளத் துப்பாக்கியின் முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், இலக்கில் தோட்டா 5 சென்டிமீட்டர் விலகும். அதாவது, கிட்டத்தட்ட எம்மன்ஸின் அந்த 4.4. கனமான விசையை இழுக்கும் விரல் இந்த ஒரு மில்லிமீட்டரைச் சுலபமாக நகர்த்திவிடும்.

அப்படியானால் எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லதா? அங்கேதான் சிக்கல். போட்டித் துப்பாக்கிகளில் பெரும்பாலும் விசை இரண்டு கட்டமாக இருக்கும். முதல் கட்டம் லேசாக நகர்ந்து, ஒரு சுவரில் முட்டியது போல நிற்கும். அந்தச் சுவரை விரல் உணர வேண்டும். பதற்றத்தில் நடுங்கும் விரலுக்கும் குளிரில் மரத்த விரலுக்கும் நூறு கிராம் சுவர் தெரியாமலே போகலாம். அதனால்தான் புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கொஞ்சம் கனமாக வைத்துக் கொடுத்து, தோட்டா இல்லாமல் பலமுறை இழுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். விரல் தவறாமல் உணரக்கூடிய மிகக் குறைந்த எடை எதுவோ, அதுவே அவருக்குச் சரியான எடை. பக்கத்தில் நின்று சுடுகிறவரின் எண்ணைக் காப்பியடித்துப் பயனில்லை.

வரம்பில்லாத அதே சுதந்திரத்தோடுதான், அதற்கு ஆறு நாள் முன்பு, அதே பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா ஏர் ரைஃபிளில் கடைசிக் குண்டை 10.8க்குச் சுட்டார். இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அது.

எம்மன்ஸுக்கு இது இரண்டாவது அடி. 2004 ஏதென்ஸில் இதே போட்டியின் கடைசித் தோட்டாவைப் பக்கத்து ஆளின் இலக்கில் சுட்டுத் தங்கத்தை இழந்தவர் அவர். 2012 லண்டனுக்கும் வந்தார். கடைசித் தோட்டா 7.6. வெள்ளி கையை விட்டுப் போனாலும், இந்த முறை வெண்கலம் மிஞ்சியது.