ஆலைப் போரும் அடைமொழிப் போரும்

பொதுவாழ்வில் நிற்போர்க்கு மக்கள் அடைமொழிகள் சூட்டுவர். அன்பினால் சூட்டப்படுவன சில. பூசலில் எறியப்படுவன சில. அன்பின் அடைமொழி மாலைபோல் நாளடைவில் வாடிவிடும். பூசலின் அடைமொழியோ அச்சேறியதும் கல்வெட்டாகி விடுகின்றது. எழுபது ஆண்டு வாழ்ந்த ஒருவரின் உழைப்பெல்லாம் மறந்துபோக, ஓராண்டுப் பூசலில் எழுந்த ஒரு சொல் மட்டும் அவர் பெயரோடு ஒட்டி நிற்பதை வரலாற்றில் பலகாலும் காண்கிறோம்.

வடசென்னையின் தொழிலாளர் வரலாற்றில் 1921ஆம் ஆண்டு அத்தகையதோர் ஆண்டாகும். அவ்வாண்டுப் பெரம்பூர் ஆலைப் போராட்டத்தில் மூவர்மீது பழி விழுந்தது. திரு.வி. கலியாணசுந்தரனார் ‘தொழிலாளரைத் தூண்டிவிடுபவர்’ ஆனார். சர் பிட்டி தியாகராயர் ‘வெள்ளையர்க்குத் துணைபோகும் கட்சியின் தலைவர்’ எனப் பேசப்பட்டார். எம்.சி. ராஜா ‘போராட்டத்தைக் குலைத்தவர்’ எனப்பட்டார். இம்மூன்று அடைமொழிகளுள் எது எவ்வளவு மெய் என்று ஆராய்வது, மூவர்க்கும் நாம் செலுத்த வேண்டிய கடனாகும்.

சபையில் பிறந்த சங்கம்

இராயபுரத்தில் 1856இல் இருப்புப்பாதை நிலையம் எழுந்தது முதலாக, வடசென்னை துறைமுகத்தாலும் இரயிலாலும் ஆலைகளாலும் உருமாறத் தொடங்கியது. பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் பெரம்பூர்ப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தந்தன. சாதி இந்துக்கள், ஆதிதிராவிடர், இசுலாமியர், கிறித்தவர் எனப் பலதிறத்தாரும் ஒரே சங்கொலிக்கு எழுந்து ஒரே வாயில்வழி ஆலைக்குள் புகுந்தனர். வேலை முடிந்ததும் அவரவர் தத்தம் தெருவுக்கும் சேரிக்கும் திரும்பினர். தறியின்முன் ஒன்றாக நின்றவர்கள் குடியிருப்பில் பிரிந்தே வாழ்ந்தனர் என்பதைப் பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ளும்பொருட்டு நினைவிற்கொள்ளல் வேண்டும்.

அந்நாளில் அங்கு ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்றொரு சபை இருந்தது. சமயச் சொற்பொழிவு கேட்பதற்காகத் தொழிலாளர் அங்குக் கூடினர். செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அவர்களின் குறைகளை அருகிருந்து கண்டவர்கள். திரு.வி.க. அச்சபையில் வந்து உரையாற்றினார். சமயம் பேசிய மேடை மெல்ல மெல்லக் கூலியையும் வேலை நேரத்தையும் பேசும் மேடையாயிற்று. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா அதன் தலைவரானார், திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவரானார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என வரலாற்றாசிரியர் பலர் இதனைப் போற்றுவர். சிறியதோர் உரைமன்றத்தினின்று ஒரு பேரியக்கம் கிளைத்ததென்பது இலக்கிய அமைப்பு நடத்துவோர் எண்ணி மகிழத்தக்கது.

சங்கத்திற்குப் பெருஞ்சோதனை 1920இன் இறுதியில் வந்தது. ஆலை கதவடைக்கப்பட்டது. டிசம்பர் 9ஆம் நாள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். நிறுவனத்தார் உயர்நீதிமன்றம் சென்று வாடியா முதலிய தலைவர்கள்மீது தடையாணை பெற்றனர். தொழிலாளர்க்காகப் பேசுவதே சட்டத்தின்முன் குற்றமாகக்கூடும் என்ற நிலை அன்று நாட்டுக்குத் தெரியவந்தது. அந்நிலையை மாற்றவேண்டும் என்று எழுந்த குரலே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழிவகுத்தது.

பிளவுண்ட போராட்டம்

அச்சோதனையின் காயம் ஆறுமுன்னரே அடுத்தது வந்தது. 1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் பூசல் எழுந்தது; ஜூன் 20ஆம் நாள் பக்கிங்காம் ஆலைத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். இம்முறை அணி ஒன்றாக நிற்கவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் கலகம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. வீடிழந்த ஆதிதிராவிடர்க்கு அரசு வியாசர்பாடியில் முகாம் அமைத்தது. ஆகஸ்டு 29ஆம் நாள் மீண்டும் துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் பலியாயின. ஏறத்தாழ நான்கு திங்கள் நடந்த வேலைநிறுத்தம் அக்டோபரில் தோல்வியில் முடிந்தது.

இத்துயரத்திற்கு யார் பொறுப்பு? அன்றைய அரசியற் களத்தில் ஒவ்வொரு தரப்பாரிடமும் ஆயத்தமானதொரு விடை இருந்தது. ஆங்கிலேய வணிகர்களின் குரலாக விளங்கிய ‘மெட்ராஸ் மெயில்’ ஒருபுறம். நீதிக்கட்சியின் ‘ஜஸ்டிஸ்’ ஒருபுறம். காங்கிரசுச் சார்பினராகிய திரு.வி.க. 1920 அக்டோபரில் தொடங்கிய ‘நவசக்தி’ ஒருபுறம். ஆட்சியாளரும் ஆலையினரும் ‘வெளியாட்கள்’ என்னும் சொல்லைக் கைக்கொண்டனர். தொழிலாளர்க்கெனத் தனியே குறை ஏதுமில்லை. அரசியலார் வந்து தூண்டுகின்றனர் என்பது அச்சொல்லின் உட்பொருள். தூண்டிவிட்டவர் ஒருவர் இருந்தால், தூண்டப்பட்டவர் குறையைக் கேளாமலே விட்டுவிடலாம் அன்றோ? பழிச்சொல்லின் பயன் அதுவே. அது ஒருவரைச் சுட்டிப் பலரின் வாயை அடைக்கின்றது.

எதிரணியிலிருந்து வந்த அரண்

வாடியாவுக்குப்பின் சங்கத்தின் சுமை பெரிதும் திரு.வி.க.வின் தோளில் இறங்கியது. ஆளுநர் வெல்லிங்டன் பிரபு அவரையும் அவரோடு நின்ற தலைவர்களையும் அழைத்துக் கடுமையாக எச்சரித்தார். நாடு கடத்தப்படுவர் என்னும் பேச்சு நகரெங்கும் பரவியது. அஃது எளிய அச்சுறுத்தலன்று. நீதிமன்ற விசாரணையின்றியே ஒருவரை அகற்றும் அதிகாரம் அந்நாளைய அரசிடம் இருந்தது. அன்னி பெசன்டும் அருண்டேலும் வாடியாவும் 1917இல் உதகையில் காவலில் வைக்கப்பட்டதைச் சென்னை மறந்திருக்கவில்லை.

அவ்வேளையில் தடுத்து நின்றவர் தியாகராயர். அவர் யார் என்பதை நோக்கினால் அச்செயலின் அருமை புலனாகும். 1916இல் பார்ப்பனரல்லாதார் அறிக்கையை வெளியிட்ட தலைவர் அவர். 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்றபோது முதலமைச்சர் பதவி தம்மைத் தேடிவந்தும் ஏலாதவர். சென்னை மாநகராட்சியின் தலைமையை ஏற்றிருந்தவர். திரு.வி.க.வோ அக்கட்சியை வன்மையாக எதிர்த்தவர். பார்ப்பனரல்லாதாருள் காங்கிரசுச் சார்பினரைத் திரட்ட 1917இல் எழுந்த சென்னை மாகாணச் சங்கத்தில் உழைத்தவர். ‘தேசபக்தன்’ ஆசிரியராக இருந்து நீதிக்கட்சியைக் கண்டித்தவர். அரசியற் கணக்குப்படி பார்த்தால் திரு.வி.க. அகற்றப்படுவது நீதிக்கட்சிக்கு ஆதாயமே. ஆயினும் தியாகராயர் ஆளுநரிடம் அதனை எதிர்த்தார். நாடு கடத்தினால் நீதிக்கட்சி அமைச்சரவை விலகும் என்று அவர் கூறினார் என்பர். நாடு கடத்தல் நிகழவில்லை. தம் கட்சியை எதிர்த்தவரே தமக்கு அரணாக நின்றதைத் திரு.வி.க. மறைக்கவில்லை, 1944இல் வெளிவந்த தம் ‘வாழ்க்கைக் குறிப்புக்க’ளில் நன்றியோடு பதிந்தார்.

தியாகராயர் தன்னலம் சிறிதுமின்றி இதைச் செய்தார் எனக் கூறுவது மிகையாகும். அவர் வடசென்னைக்காரர்; நெசவுத் தொழிற்குடியில் பிறந்தவர். வேலைநிறுத்தம் செய்தோருள் பெருந்தொகையினர் அவர் கட்சி யாருக்காகப் பேசியதோ அவ்வகுப்பினர். அவர்களின் தலைவரை நாடு கடத்தவிட்டு அவர்கள் முன்னர் நிற்றல் கட்சிக்கு அரிது. இந்நலன்களையெல்லாம் கழித்த பின்னும் ஒன்று எஞ்சுகின்றது. கருத்தால் வெல்ல வேண்டிய எதிரியை அதிகாரத்தால் அகற்றுவது முறையன்று என்னும் அறம் அது. வெள்ளையர்க்குத் துணைபோகும் கட்சி என்று இகழப்பட்ட கட்சியின் தலைவரே வெள்ளை ஆளுநரை எதிர்த்து நின்றார் என்பதை அவ்வடைமொழி சொல்லாது.

மறைக்கலாகாத மறுபக்கம்

தியாகராயரைக் காக்கப் புகுவோர் இவ்விடத்தில் நிறுத்திவிடுவது வழக்கம். அது நேர்மையாகாது. அதே போராட்டத்தில் நீதிக்கட்சித் தலைவர்களும் அவர்தம் ‘ஜஸ்டிஸ்’ இதழும் ஆதிதிராவிடர்க்கு அரசின் தொழிலாளர் துறை அளவிறந்த சலுகை காட்டியதே கலகத்திற்குக் காரணம் எனக் குறைகூறினர். குடிசை எரிந்தவனை நோக்கி ‘உனக்குச் சலுகை மிகுதி’ என்று கூறுவது கொடிது. திரு.வி.க.வுக்கு அரணான கை, சேரியின் துயர்க்கு நீளவில்லை.

ஆதிதிராவிடர் வேலைக்குச் சென்றது ஏன்? போராட்டத்தில் வேலைக்குச் செல்வோனைத் தொழிற்சங்க வழக்கில் ‘கருங்காலி’ என்பர். கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டத் துணைபோகும் மரம் என மக்கள் அதற்கு விளக்கம் கூறுவர். ஆனால் தன் இனம் என்று யாரைக் கூறுவது? முந்தைய கதவடைப்பில் ஆதிதிராவிடரும் உடனிருந்து பசித்தவர்கள். கூலி நின்றால் கைம்முதலோ நிலமோ உறவோ தாங்குவதற்கு இல்லாத அவர்கள்மீது அப்பசி மற்றவர்மீது விழுந்ததினும் கடுமையாக விழுந்தது. சங்கத்தின் தலைமையிலோ குடியிருப்பின் உறவிலோ அவர்கட்குச் சமஇடம் கிடைத்திருந்ததாகச் சொல்வதற்கில்லை. ஆலையில் ‘தோழன்’, தெருவில் ‘தீண்டத்தகாதவன்’ என்ற இருநிலையில் வாழ்ந்தவன், இரண்டாம் முறையும் பட்டினி ஏற்கத் தயங்கியதை இரண்டகம் என்று எப்படிச் சொல்வது?

எம்.சி. ராஜா அவர்களை வேலைக்குத் திரும்புமாறு அறிவுறுத்தினார். அதனால் வேலைநிறுத்தம் வலுவிழந்தது என்பது மெய். தொழிலாளர் சினத்திற்கு அடிப்படை இருந்தது. ஆலையார்க்கும் ஆட்சியார்க்கும் அப்பிளவு வாய்ப்பாயிற்று என்பதும் மெய். முகாம் அமைத்த அரசின் பரிவில் தன் கணக்கும் கலந்திருந்தது. ஆயினும் ராஜாவின் முன் இருந்த வினா வேறு. ‘வேலைநிறுத்தம் வெல்லுமா?’ என்று மற்றவர் கேட்டபோது, ‘என் மக்கள் நாளை உண்பார்களா?’ என்று அவர் கேட்டார். சட்டமன்றத்தில் ஆதிதிராவிடரின் முதற்குரலாக அமர்ந்தவர் அவ்வினாவைக் கேளாதிருந்தால் வேறு யார் கேட்டிருப்பார்? பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களை நீக்கி அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என வழங்கவேண்டும் என்று பாடுபட்டு 1922இல் அதனை நிறைவேற்றச் செய்தவரும் அவரே. பெயர் ஒருவனை எப்படி வீழ்த்தும் என்பதை அறிந்த அவர்க்கே காலம் ஒரு பழிப்பெயரைச் சூட்டியது. 1923இல் அவர் நீதிக்கட்சியை விட்டு விலகினார்.

திரு.வி.க.வும் ராஜாவும் 1883இல் பிறந்தவர்கள். இருவரும் இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்றவர்கள். இருவரும் ஆசிரியராய் இருந்தவர்கள். ஒரே ஆண்டில் பிறந்து ஒரே பள்ளியில் பயின்ற இருவரை ஓர் ஆலையின் வாயில் எதிரெதிராக நிறுத்தியது. இருவருள் ஒருவரைத் தீயவராக்கினாலன்றி அவ்வரலாற்றைச் சொல்ல இயலாது என்று எண்ணுவது நம் சோம்பலேயன்றி வரலாற்றின் குறையன்று.

கண்டனம் கற்பித்த பாடம்

திரு.வி.க. இதனை நன்கறிந்தவர் எனலாம். இளமையில் அவர்க்கு ஆசான் நா. கதிரைவேற்பிள்ளை. வள்ளலார் பாடல்கள் அருட்பாவோ மருட்பாவோ என்று நிகழ்ந்த பெரும்பூசலில் ஆசான் மறுப்பணியில் நின்றார். மாணவரும் அவ்வணியில் நின்றார். அது தொடர்பான வழக்கில் ஈடுபட்டதால் 1904இல் தேர்வெழுதும் வாய்ப்பையும் இழந்தார். பின்னர் அருட்பாவைத் தாமே ஆழ்ந்து பயின்று மனம் மாறி, ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’ என்னும் நூலை எழுதினார். கண்டனக்காரராய்த் தொடங்கியவர் காப்பவராய் முதிர்ந்தார். ஆசானையும் பழிக்கவில்லை, தம் பழைய நிலையையும் ஒளிக்கவில்லை. ஒருவரைப் பழியினின்று மீட்பதற்கு மற்றொருவரைப் பழிக்க வேண்டுவதில்லை என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது.

காலத்தின் விளையாட்டு இன்னும் ஒன்றுண்டு. 1921இல் ஆங்கில ஆளுநர் அச்சுறுத்தியும் நிகழாத தண்டனை, 1947ஆம் ஆண்டு ஆலைப் போராட்டத்தின்போது நிகழ்ந்தது. அறுபது வயது கடந்த திரு.வி.க.வை அன்றைய காங்கிரசு ஆட்சி வீட்டுக்காவலில் வைத்தது. அவர் உழைத்து வளர்த்த கட்சியின் ஆட்சி அது. எதிர்க்கட்சித் தலைவர் காத்தவரைச் சொந்தக் கட்சியார் சிறைவைத்தனர். இதனால் காங்கிரசு கொடியது, நீதிக்கட்சி நல்லது என்று முடிவுகட்டுவதும் மற்றோர் அடைமொழியே ஆகும். ஆட்சியில் அமர்ந்தவர்க்கு எதிர்க்குரல் ‘தூண்டுத’லாகவே கேட்கும் என்பதே அதன் பாடம்.

பெரம்பூர் ஆலைகளின் சங்கு 1990களில் ஓய்ந்துவிட்டது. பெரம்பூர்ப் பகுதியில் திரு.வி.க. நகர் இருக்கின்றது. பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் பெயரால் கல்லூரி விளங்குகின்றது. எம்.சி. ராஜா பெயரால் சைதாப்பேட்டையில் மாணவர் விடுதி உள்ளது. இடங்கள் மூவர் பெயரையும் பகைமையின்றித் தாங்குகின்றன. நூல்களும் மேடைகளும் மட்டும் ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்திக்கொண்டிருக்கின்றன.

பழிக்கப்பட்டவர்க்காக வாதிடுவோர் குற்றத்தை மறைப்பாராயின் அவரும் மற்றொரு திரிபையே செய்கின்றார். செயலை அதன் நாளிலும் இடத்திலும் வைத்து, அன்று அவர்முன் இருந்த வழிகளை எண்ணி, அவரால் துயருற்றவர் குரலையும் கேட்டு எழுதுதலே மெய்யான அரண். சொல்லை ஆள்வோர்க்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. அடைமொழியைப் படைப்பவரும் அவரே. அதைக் கழற்ற வல்லவரும் அவரே.