ஓவனில் வைத்த கார்டு

தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரு சொல்லே இரண்டு உலோகங்களுக்கு வேலை பார்க்கிறது. பாட்டி பித்தளைக் குண்டானுக்குப் பூசக் கொடுத்தது வெள்ளீயம். நஞ்சு என்று ஒதுக்குவது காரீயம். கிராபிக்ஸ் கார்டு பழுது பார்க்கிற மேசையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் மைனிங்கைக் கைவிட்டது. இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகளுக்கு அன்றோடு வேலை போனது. அப்படி விலைக்கு வந்தவற்றில் ஒன்று, ஓர் ஆர்எக்ஸ் 580, ரோசாக் என்று சொல்லியே விற்கப்பட்டது. 80 வெள்ளிக்கு வாங்கினேன். கூலாய் பட்டணத்தில் பழுது பார்க்கும் அண்ணன் அதைக் கையில் வாங்கியதுமே சொன்னார்: “இது ஓவன்ல போன கார்டு தம்பி. கனெக்டர் ஓரத்தைப் பாருங்க, பிளாஸ்டிக் இளகியிருக்கு.”

கார்டை ஓவனில் வைக்கும் வைத்தியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. 183 பாகையில் உருகும் பழைய பற்று போய், 217க்கு மேல் உருகும் வெள்ளீயம்–வெள்ளி–செம்புக் கலவை வந்தது. அடுத்த ஆண்டே எக்ஸ்பாக்ஸ் 360 செத்து விழ, மைக்ரோசாப்ட் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2008 ஜூலையில் என்விடியா தன் மடிக்கணினி சிப்புகளுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. பலரும் பழியைக் காரீயம் இல்லாத புதிய பற்றின்மேல் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், என்விடியா சிப்புக்கு அடியிலிருந்த குமிழ்களில் இருந்ததே பெரும்பாலும் காரீயம்தான். அதற்குச் சட்டத்தில் விலக்கு இருந்தது.

சிக்கல் வேறு இடத்தில். சிலிக்கான் சூட்டில் கொஞ்சம்தான் விரியும். அதைத் தாங்கும் பலகை ஐந்து மடங்குக்கு மேல் விரியும். தினமும் சூடாகி ஆறி இழுபட்டு, நடுவிலிருக்கும் குமிழ்கள் வெடிக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டிய பசை சூட்டில் இளகிவிட்டால் இன்னும் மோசம். உயர் காரீயக் குமிழ் உருக 300 பாகை வேண்டும். வீட்டு ஓவனின் 200 பாகையில் எதுவும் உருகாது. விரிசல் விட்ட முனைகள் சற்று விரிந்து மறுபடி தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். சில நாள், சில வாரம் படம் வரும்.

அந்தச் சில வாரம் விற்பதற்குப் போதும். ஓவன் வைத்தியத்தை அறியாமை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய பொருள் சந்தையில் அது ஒரு தொழிலாகவே ஆனது. ஏமாறுவது பெரும்பாலும் புதுசு வாங்க வழியில்லாத மாணவர்கள்.

என் கார்டில் முதன்மைச் சிப் நன்றாகவே இருந்தது. கோளாறு எட்டு மெமரிச் சிப்புகளில் ஒன்றில். மைனிங்குக்காக யாரோ பயாஸை மாற்றி மெமரியை விரட்டியிருந்தார்கள். அண்ணன் பழுதான சிப்பின் ஓரங்களில் காரீயம் கலந்த பற்றைச் சேர்த்தார். கலவையின் உருகுநிலை இறங்கும், பலகை கருகாது. சூட்டுக் காற்றில் சிப்பைக் கழற்றி, செத்த இன்னொரு கார்டிலிருந்து எடுத்ததை வைத்துப் பற்றினார். பழைய பயாஸைத் திரும்ப ஏற்றினோம். 130 வெள்ளி கூலி. இன்றும் ஓடுகிறது.

அந்தப் பற்றிலிருந்த வெள்ளீயம் எந்த நாட்டுச் சுரங்கத்திலிருந்து வந்ததோ. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலக ஈயத்தில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து போனது. 1985இல் விலை சரிந்து கிந்தா பள்ளத்தாக்கு காலியானது. இன்று உலகம் வெட்டும் வெள்ளீயத்தில் கிட்டத்தட்டப் பாதி இந்தப் பற்றுவேலைக்கே போகிறது. நம் சுரங்கங்கள் குளங்களாகக் கிடக்கின்றன.

தோட்டங்களின் கதையும் மாறிவருகிறது. போஸ்டட் நிறுவனத்தின் செம்பனைத் தோட்டமாக இருந்த கூலாய் யங் எஸ்டேட்டை ஒய்டிஎல் வாங்கி, அங்கே தரவு மையம் கட்டுகிறது. 2023 டிசம்பரில் என்விடியாவுடன் கூட்டும் அறிவித்தது. கிராபிக்ஸ் கார்டின் பரம்பரையில் வந்த சிப்புகள்தான் அங்கும், ஆயிரக்கணக்கில். அண்ணன் கடையிலிருந்து மோட்டாரில் போகிற தூரம். ஆனால் அவற்றில் மானிட்டர் சொருக இடமே கிடையாது.